அந்தத் தாய்க்கு வழிவிடுங்கள்: எங்கள் பகுதி பாதுகாப்புக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுத் தலைவர் அவர்களுக்கும், அன்று கூட நின்ற அண்ணன்மார்களுக்கும் வணக்கம்.

போன சனிக்கிழமை முச்சந்தியில் நடந்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அங்கே நின்றவர்களே நீங்கள்தான். 2021 ஜூலைக் கலவரத்தில் அதே முச்சந்தியில் கறுப்பினத்தவரை மறித்து அடித்ததும், டர்பனில் நம் இந்தியர்கள் அதிகம் வாழும் இந்த ஃபீனிக்ஸில் எல்லோருக்கும் தெரியும். அங்கே மகனைப் பறிகொடுத்த ஜூலு அம்மா ஒருவர், பக்கத்தில் இருக்கும் பம்பாயி (Bhambayi) குடியிருப்பிலிருந்து இரண்டு உறவினர்களோடு வந்தார். ஐந்து நிமிடம்கூட நிற்கவிடாமல் திருப்பி அனுப்பிவிட்டீர்கள். அன்று ராத்திரியே வாட்ஸ்அப்பில், "விஷயம் கோர்ட்டில் இருக்கிறது, இப்போது வருத்தம் தெரிவித்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும், பழசைக் கிளற யாரையும் விடமாட்டோம்" என்று செய்தியும் போட்டீர்கள். அதைப் படித்தபிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

அவர் கையில் இருந்த மரக்கிளை என்னவென்று உங்களில் ஒருவராவது கேட்டீர்களா? ஜூலு வழக்கத்தில், வீட்டுக்கு வெளியே அடிபட்டோ விபத்திலோ ஒருவர் இறந்தால் அவர் உயிர் அங்கேயே தங்கிவிடும் என்று நம்புகிறார்கள். குடும்பத்தார் உம்லாஹ்லன்கோசி என்கிற, இலந்தை இனத்து முள்மரத்தின் கிளையோடு அந்த இடத்துக்குப் போய், பேர் சொல்லிக் கூப்பிட்டு, வீட்டுக்கு வா என்று அழைத்துப் போக வேண்டும். கிளையைச் சுமப்பவர் வழியில் வேறு யாரிடமும் பேசுவதில்லை. நீங்கள் ஆள் மாற்றி ஆள் கேள்வி கேட்டபோது அவர் வாய் திறக்காமல் நின்றது அதனால்தான், அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டீர்கள். மினிபஸ் டாக்ஸியில் அழைத்துப் போனால் அந்த உயிருக்கும் ஒரு சீட்டுக்குக் காசு கொடுப்பது வழக்கம். அவரும் மகனுக்கென்று காசு எடுத்து வைத்திருந்தார், அது செலவாகவில்லை. நானும் அவரும் ஒரே இடத்தில் வேலை பார்க்கிறோம், திங்கட்கிழமை இதை என்னிடம் சொன்னபோது அவர் உங்களைத் திட்டக்கூட இல்லை. நம் வீட்டில் ஒரு சாவு விழுந்து, கருமாதி செய்ய விடாமல் யாராவது தடுத்தால் நாம் இப்படி அமைதியாக இருந்திருப்போமா?

அந்த ஜூலையில் நாம் பயந்தது உண்மை. முன்னாள் ஜனாதிபதி ஜூமா சிறைக்குப் போனதும் கடைகள் எரிந்தன, கூப்பிட்டால் போலீஸ் வரவில்லை, ராத்திரி முழுக்கத் துப்பாக்கிச் சத்தம். வீட்டைக் காக்கத் தெருவில் நின்ற எல்லோரையும் நான் கொலைகாரர் என்று சொல்லவில்லை. ஆனால் அரசு சொன்ன கணக்குப்படியே ஃபீனிக்ஸில் 36 பேர் செத்தார்கள், அதில் 33 பேர் கறுப்பினத்தவர். தோல் நிறத்தைப் பார்த்து ஆளை மறித்து அடித்ததைப் பாதுகாப்பு என்ற கணக்கில் எழுத முடியாது அண்ணா.

உடனே 1949ஐ எடுப்பீர்கள் என்று தெரியும். அந்த ஜனவரியில் டர்பனில் ஆப்பிரிக்கர்கள் நம் இந்தியர்களைத் தாக்கிய கலவரத்தில் 142 உயிர் போனது, அதில் 50 பேர் இந்தியர்கள், அதைவிட அதிகமாக ஆப்பிரிக்கர்கள். எழுபது வருஷம் தாண்டியும் அதை நாம் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். அப்படியிருக்க 2021இல் பிள்ளையைக் கொடுத்தவளைப் பார்த்து மறந்துவிடு என்று எந்த வாயால் சொல்வது? 1949 கலவரம் ஓய்ந்த அடுத்த மாதமே ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸ் தலைவர்களும் நம் தென்னாப்பிரிக்க இந்தியக் காங்கிரஸ் தலைவர்களும் ஒன்றாக உட்கார்ந்து கூட்டறிக்கை விட்டார்கள். நாம் ஒரு முச்சந்தியில் ஒன்றாக நிற்க மாட்டோம் என்கிறோம்.

இந்த நாட்டில் எப்போதும் அடிபட்டவரிடம்தான் மன்னித்துவிடு என்று சொல்கிறார்கள், அடித்தவர் கேட்டாரா என்று யாரும் பார்ப்பதில்லை. நிறவெறி ஆட்சிக் காலக் கொடுமைகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்திடம் 7,000க்கும் மேற்பட்டோர் பொதுமன்னிப்புக்கு மனுப் போட்டார்கள். அரசியல் காரணத்துக்காகச் செய்தேன் என்று காட்டி நடந்ததை முழுசாகச் சொன்னால் போதும், வருந்துகிறேன் என்று சொல்லச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் நிறவெறி அரசில் சட்டம் ஒழுங்கு அமைச்சராக இருந்த ஆட்ரியான் விலோக் 2006இல் தானாகவே, நிறவெறியை எதிர்த்த பாதிரியார் ஃபிராங்க் சிக்கானேயைத் தேடிப்போய், காலைக் கழுவி மன்னிப்புக் கேட்டார். 1989இல் சிக்கானேயின் துணியில் விஷம் வைத்துக் கொல்லப் பார்த்தார்களே, அதற்காக. அடுத்த வருஷம் அதே வழக்கில் கோர்ட்டில் நின்று குற்றத்தை ஒப்புக்கொண்டு, நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையும் வாங்கினார். கோர்ட்டுக்குப் பயந்து அவர் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. நீங்கள் யாரையும் அடித்தவர்கள் இல்லை என்றால் உங்களுக்கு என்ன பயம்?

கோபத்தில் நிறைய எழுதிவிட்டேன், கேட்க வந்தது ஒன்றுதான். அந்த அம்மா கிளையோடு மறுபடி வரட்டும். அவர் மகனோடு பேசி முடிக்கிறவரை யாரும் குறுக்கே போகாதீர்கள், கேள்வி கேட்காதீர்கள், போனில் படம் எடுக்காதீர்கள். குழுவிலிருந்து நாலைந்து பேராவது தள்ளி நின்று, சடங்கு முடிந்ததும் அவர் குடும்பத்தாரிடம், எங்கள் தெருவில் இது நடந்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லுங்கள். அவர் மன்னிப்பாரா மாட்டாரா என்பது அவர் இஷ்டம், அதை நாம் எதிர்பார்த்து நிற்கக் கூடாது.

இந்த மாதக் கூட்டத்தில் இதை முதல் விஷயமாக எடுத்துப் பேசி, எந்த நாள் வரலாம் என்று தயவுசெய்து எழுத்தில் தாருங்கள். அவரிடம் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
அதே தெருவில் குடியிருக்கும் ஒருத்தி
ஃபீனிக்ஸ், டர்பன்