ஆளணிப் பட்டியலில் இருக்கும் ஆங்கில ஆசிரியரை வகுப்புக்கு அனுப்புங்கள்

ஆசிரியர் இடமாற்றங்களையும் இணைப்புகளையும் தீர்மானிக்கும் கல்வி அதிகாரிகளுக்கு,

மதிப்புக்குரிய ஐயா, அம்மணி,

ஆங்கில தினப் போட்டிக்கு ஒரு மாணவரைக்கூட ஏன் அனுப்பவில்லை என்று விளக்கம் கேட்டு எங்கள் பாடசாலை அதிபருக்குக் கடிதம் வந்திருக்கிறது. அதிபர் அரச ஊழியர். அவர் என்ன எழுதலாம், என்ன எழுதக்கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் அவர் எழுத முடியாததைப் பெற்றோரில் ஒருவனாகிய நான் எழுதுகிறேன்.

உங்கள் பட்டியலின்படி எங்களுக்கு ஆங்கில ஆசிரியர் வெற்றிடம் இல்லை. ஆளணி, அதாவது அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் எண்ணிக்கை, ஒன்று; ஆளும் ஒன்று. ஆனால் அந்த ஆசிரியர் 'தற்காலிக இணைப்பில்' நகரப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறார். தற்காலிகம் ஆண்டு மாறியும் முடியவில்லை. அவருடைய பெயர் எங்கள் ஆளணியில் இருக்கும்வரை வெற்றிடம் காட்ட முடியாது. வெற்றிடம் காட்டாவிட்டால் புதிய நியமனம் வராது. இணைப்பை இரத்துச் செய்து அவரை அனுப்புங்கள், அல்லது வெற்றிடத்தை ஒத்துக்கொண்டு வேறொருவரைத் தாருங்கள். நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

அந்த ஆசிரியர்மேல் எங்களுக்குக் கோபமில்லை. மாங்குளம் - முல்லைத்தீவு வீதியில் இறங்கி உள்ளே வரவேண்டும். பின்னேரமானால் யானை பயம். ஆசிரியர் விடுதி என்று ஒரு கட்டடம் நிற்கிறது, வௌவால்தான் தங்கும். கைக்குழந்தையோடு ஒரு தாய் எத்தனை நாளைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து பஸ் ஏறி வருவார்? போக அனுமதித்தது நியாயம். பதிலாள் இல்லாமல் அனுமதித்ததைத்தான் கேட்கிறோம்.

இப்போது ஆங்கிலப் பாடவேளைக்குச் சமயபாட ஆசிரியர் போகிறார். நல்ல மனிதர். பாடப்புத்தகத்தில் உள்ளதைக் கரும்பலகையில் எழுதுவார், பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள், மணி அடிக்கும். தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்ட மாட்டார் என்பதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை.

என் மகள் தரம் 11. போன தவணைப் பரீட்சை விடைத்தாளைக் கொண்டுவந்து காட்டினாள். மாணவர்கள் எப்படிப் பாடசாலைக்கு வருகிறார்கள் என்று சலாகை வரைபு ஒன்று கொடுத்து, அதைப் பார்த்து ஒரு பந்தி எழுதச் சொல்லியிருந்தது. சைக்கிள், நடை, பஸ், மோட்டார் சைக்கிள் என்று நாலு சலாகை. இவள் அதற்குக் கீழே நுவரெலியாச் சுற்றுலாவை எழுதி வைத்திருக்கிறாள். பயிற்சிப் புத்தகத்தில் இருந்த கட்டுரை. ஒரு எழுத்துப் பிழை இல்லை. குளிர், தேயிலைத் தோட்டம், வாவியில் படகு எல்லாம் இருக்கிறது. பிள்ளை வவுனியாவுக்கு அங்கால் போனதில்லை. "கேள்வி விளங்கேல்லையப்பா, பாடமாக்கினதை எழுதினா அரைவாசியாவது போடுவினம் எண்டு எழுதினனான்" என்றாள். அந்த வரைபைத் தமிழில் கேட்டேன். சைக்கிள்தான் கூட, பஸ் ஆகக் குறைவு, ஏனென்றால் காலமை பஸ் ஒழுங்காக வாறதில்லை என்று வரைபில் இல்லாத காரணத்தையும் சேர்த்துச் சொன்னாள். விடைத்தாளில் புள்ளி இல்லை. 'பார்வையிட்டேன்' என்று சிவப்புப் பேனாவால் எழுதி, சமயபாட ஆசிரியர் கையெழுத்து வைத்திருந்தார். அவர் வேறென்ன செய்வார்?

இந்தப் பிள்ளைகளிலிருந்து பேச்சுப் போட்டிக்கு ஆள் கேட்கிறீர்கள். நுவரெலியாவை மேடையேற்றலாம் என்றால் சொல்லுங்கள், உடனே அனுப்புகிறோம்.

சாதாரண தரப் பெறுபேறு வந்ததும் பகுப்பாய்வுக் கூட்டம் நடக்கும். ஆங்கிலச் சித்தி வீதம் ஏன் விழுந்தது என்று அதிபரை எழுப்பிக் கேட்பீர்கள். அந்தத் திரையிலேயே, பக்கத்து நிரலில், அந்த ஆசிரியர் இப்போது எங்கே படிப்பிக்கிறார் என்பதையும் போட்டுக் காட்டினால் கேள்வியே தேவைப்படாது.

அரசியலமைப்பில் ஆங்கிலம் இணைப்பு மொழி. 2009ஆம் ஆண்டை அரசாங்கம் ஆங்கிலத்துக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்குமான ஆண்டாகப் பிரகடனம் செய்தது. அந்த ஆண்டில் வன்னிப் பிள்ளைகள் போரால் முதலில் பதுங்குகுழியிலும் பிறகு செட்டிகுளம் அகதி முகாம்களிலும் இருந்தார்கள். இன்று கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கிறது, விரிவுரை ஆங்கிலத்தில். பம்பைமடுவில் 2021இலிருந்து வவுனியாப் பல்கலைக்கழகம் இருக்கிறது, அங்கும் அப்படியே. கட்டடங்கள் எங்கள் காட்டுக்குள் வந்துவிட்டன, சந்தோசம். உள்ளே போய் விரிவுரையை விளங்கிக்கொள்ளப் போகும் பிள்ளை யாருடைய பிள்ளை? கொழும்பில் படித்த பிள்ளைக்கு வாடகைக்கு அறை கொடுப்பதுதான் எங்கள் பங்கு என்றால் அதையாவது வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். காசுள்ளவர் பரந்தனுக்கோ கிளிநொச்சிக்கோ பிள்ளையை ரியூசனுக்கு ஏற்றுகிறார். கூலி வேலைக்குப் போகிறவர் பாடப்புத்தகம் இலவசமாகக் கிடைத்ததே என்று ஆறுதல்பட வேண்டியதுதான்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகத்தைப் பற்றி முடிவெடுப்பவர்கள் நீங்கள் இல்லை என்று தெரியும். இணைப்பைப் பற்றி முடிவெடுப்பவர்கள் நீங்கள்தான்.

ஆகவே தயவுடன் கேட்கிறேன். அடுத்த தவணை தொடங்குமுன் அந்த இணைப்பை இரத்துச் செய்யுங்கள், அல்லது எங்கள் வெற்றிடத்தை வெற்றிடமென்று பதியுங்கள். இனிமேல் பதிலாள் வந்து கடமையேற்கும்வரை யாரையும் விடுவிக்க வேண்டாம். வருகிறவருக்கு அந்த விடுதியைத் துப்புரவாக்கி, கூரைத் தகடு மாற்றி, கிணறு இறைத்துத் தர ஊர்ச் சனம் ஆயத்தம். அதற்குச் சதமும் கேட்க மாட்டோம். போட்டிக்கு ஆள் அனுப்பாத விடயத்தில் அதிபரிடம் கேட்ட விளக்கத்தையும் மீளப் பெற்றுக்கொண்டால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

இங்ஙனம்,
தரம் 11 மாணவியின் தந்தை,
முல்லைத்தீவு மாவட்டம்.