நுரை அடங்கினால் தண்ணீர் சுத்தமாகிவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையின் மதகைத் திறந்ததும் தென்பெண்ணையாற்றில் நுரை பொங்குவதும், நந்திமங்கலம் சாலையின் தரைப்பாலத்தை அது மூடிவிடுவதும் படத்தோடு செய்தியாகின்றன. நுரை அடங்கியதும் செய்தியும் நின்றுவிடுகிறது. அதனால் நுரைதான் மாசு, அது போனால் ஆறு சரியாகிவிட்டது என்ற எண்ணம் மக்களிடம் பதிந்துவிட்டது. இது தவறு, ஆபத்தும்கூட.

பெங்களூருவின் கழிவுநீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தட்சிண பினாகினியில் (கர்நாடகத்தில் தென்பெண்ணையின் பெயர்) சேர்ந்து, கொடியாளம் அருகே தமிழகத்துக்குள் வருகிறது. துணி துவைத்த, பாத்திரம் கழுவிய சோப்பு அதில் கரைந்தே இருக்கிறது; தேங்கி நிற்கும்வரை கண்ணுக்குத் தெரிவதில்லை. மதகில் விழும் வேகத்தில் காற்று கலக்கும்போது சோப்பு மூலக்கூறுகள் குமிழியின் தோலாகின்றன. கழிவிலுள்ள புரதப் பொருட்கள் அந்தத் தோலைக் கெட்டியாக்குவதால் நுரை எளிதில் உடைவதில்லை. தண்ணீர் பீய்ச்சி அதை அடக்குவது போக்குவரத்துக்கு உதவும், ஆற்றுக்கு ஒரு பயனும் இல்லை. மதகு மூடியிருக்கும் நாளிலும் அதே அழுக்கு அணையில்தான் கிடக்கிறது.

பார்க்க வேண்டியது கரைந்துள்ள ஆக்சிஜனை. 25 டிகிரி வெப்பத்தில், ஓசூர் இருக்கும் உயரத்தில், நல்ல தண்ணீரில் லிட்டருக்கு ஏறத்தாழ ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன் நிற்கும். குளிக்கத் தகுந்த நீருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையக்கூடாது. உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, அதாவது நீரிலுள்ள கழிவைச் சிதைக்கப் பாக்டீரியா எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன், லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. இவை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல்கள்.

எந்த நேரத்தில் அளக்கிறோம் என்பதே இங்கு பாதி விஷயம். பாசி படர்ந்த நீரில் பகல் வெயிலில் ஆக்சிஜன் ஏறும். இரவு முழுக்கப் பாசியும் பாக்டீரியாவும் அதைத் தின்றுவிடும். மதியம் 2 மணிக்கு எடுத்த அளவை மட்டும் வைத்து ஆறு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடலாம். விடியற்காலை 5 மணிக்கு அதே இடத்தில் அளந்தால்தான் உண்மை தெரியும். முதல் மழையில் மீன்கள் செத்து மிதப்பதற்கும் காரணம் இதற்கு அருகில்தான் இருக்கிறது: கால்வாய்களில் படிந்த சேறு ஒரேயடியாகக் கிளறப்பட்டு, மிச்சமிருந்த ஆக்சிஜனையும் இழுத்துக்கொள்கிறது.

மாதிரி எடுக்கும் முறையிலும் தவறுகள் நடக்கின்றன. கரையோரம் நுரையை வாரி எடுத்தால் சோப்பின் அளவு பொய்யாக எகிறும். நடு ஓட்டத்தில், மேல்பரப்புக்குக் கீழே, 300 மில்லி கண்ணாடிப் புட்டியைக் காற்றுக்குமிழி இல்லாமல் நிரப்ப வேண்டும். ஆக்சிஜனை அளக்கும் புட்டியில், அதன் அளவு வழியில் மாறிவிடாமல் இருக்க, மாங்கனீசு சல்பேட்டையும் கார அயோடைடையும் ஆற்றங்கரையிலேயே சேர்த்துவிட வேண்டும். மற்றொரு புட்டியைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றே ஆய்வகம் சேர்த்து, 27 டிகிரியில் மூன்று நாள் வைத்து உயிர்வேதித் தேவையைக் கணக்கிட வேண்டும். வெயிலில் வண்டியில் கிடந்த புட்டி எதையும் சொல்லாது.

கால்வாய்ப் பாசன விவசாயிகளுக்கு ஒரு வார்த்தை. கொத்தமல்லி, புதினா, கீரை போன்று பச்சையாகச் சாப்பிடுபவற்றுக்கு இந்த நீரை மேலே தெளிக்கவே கூடாது. சொட்டுநீர் போட்டவர்கள் வலைவடிகட்டியை மட்டும் நம்பினால் கழிவின் கொழகொழப்பு துளைகளை அடைத்துவிடும். முதலில் மணல் வடிகட்டி, அடுத்து வலை, வாரம் ஒருமுறை பக்கக்குழாய்களின் முனையைத் திறந்து கழுவுதல் ஆகியவை அவசியம். கரைந்த உப்பைக் காட்டும் மின்கடத்துத்திறன் சென்டிமீட்டருக்கு 2,250 மைக்ரோசீமன்ஸைத் தாண்டிய நீர் பாசனத்துக்கு ஏற்றதல்ல. கிணற்று நீரையும் கோடையில் ஒருமுறை சோதியுங்கள்.

ஆற்றின் மேல்பகுதியில் இருப்பவர்களைக் குறை சொல்வதோடு நிறுத்திக்கொள்வதும் நியாயமில்லை. ஓசூரின் வீட்டுக் கழிவும் தொழிற்சாலைக் கழிவும் எவ்வளவு சேர்கின்றன என்பதும் வெளியே வரவேண்டும். கொடியாளம், கெலவரப்பள்ளி அணை, ஓசூரைக் கடந்த பின், கிருஷ்ணகிரி அணைக்குள் நுழையுமிடம் ஆகிய நான்கு இடங்களிலும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, விடியற்காலையும் மதியமும் அளந்து, எண்களை அணை வாசலிலும் ஊராட்சி அலுவலகங்களிலும் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். எந்த இரண்டு இடங்களுக்கு நடுவே ஆக்சிஜன் சரிகிறதோ, அங்கே யார் கழிவு விடுகிறார்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தேடட்டும். தங்கள் செய்தியாளர்களும் அடுத்த நுரைப் படத்துக்குக் கீழே அன்றைய ஆக்சிஜன் அளவைக் கேட்டு வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நீர்ப் பரிசோதனைத் துறையைச் சேர்ந்த வாசகர்,
கிருஷ்ணகிரி மாவட்டம்