ப்ராஜெக்ட் ரிவ்யூக்கு உக்காருத சாருமாருக்கு ஒரு திறந்த மடல்

கன்னியாகுமரி மாவட்டத்து இஞ்சினியரிங் காலேஜ்கள்ல ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு மார்க் போடுத சாருமாருக்கும் மேடம்மாருக்கும் வணக்கம்.

நான் நாகர்கோவில்ல ஒரு சின்ன கம்பெனில கோட் எழுதுதேன், வேலைக்கு வாற பிள்ளைங்கள இன்டர்வியூவும் பண்ணுதேன். பிள்ளைங்களுக்கு விஷயம் தெரியலன்னு சொல்ல வரல, ரியாக்ட் தெரியும், டேட்டாபேஸ் தெரியும், ஆனா "இது சரியா ஓடுதுன்னு எப்படிடே சொல்லுத?"ன்னு கேட்டா எல்லாருக்கும் ஒரே பதில்தான், "ரன் பண்ணி பாத்தேண்ணே, வந்துச்சு". ரிவ்யூலயும் அதத்தான கேக்குதீங்க, டெமோ ஓடுச்சா, ரிப்போர்ட் பைண்டிங் போட்டாச்சா, போயிட்டு வா.

ஒரு பையன் ரப்பர் பால் கொள்முதலுக்கு ஆப் செஞ்சு காட்டுனான், குலசேகரம் பக்கத்துக்காரன், நல்ல ஐடியா. பால் எடை, டிஆர்சி (பால்ல உலர்ந்த ரப்பர் எத்தன சதவீதம்ங்கது), அன்னைக்கு ரேட் மூணையும் போட்டா தோட்டக்காரருக்கு குடுக்க வேண்டிய ரூபா வரும். 100 கிலோ பால், டிஆர்சி 35, ரேட் 180ன்னா உலர்ந்த ரப்பர் 35 கிலோ, 6300 ரூபா, சரியா காட்டுச்சு. அடுத்து 35க்கு பதிலா 0.35ன்னு அடிச்சேன், 63 ரூபான்னு கணக்கு போட்டு டேட்டாபேஸ்ல ஏத்தி எஸ்எம்எஸ்ஸும் அனுப்பிருச்சு! காரணம் கணக்கு, சேவ், எஸ்எம்எஸ் மூணும் ஒரே ஃபங்ஷனுக்குள்ள, அதாவது ஒரே கோட் துண்டுக்குள்ள கெடக்கு, அத டெஸ்ட் பண்ணணும்னா ஒவ்வொரு தடவையும் யாருக்காவது மெசேஜ் போகும், பெறகு எவன் டெஸ்ட் (கோட் சரியா ஓடுதான்னு செக் பண்ணுத இன்னொரு கோட்) எழுதுவான்? கணக்க மட்டும் தனி ஃபங்ஷனா எடுத்தா மூணு நம்பர் உள்ள போகும், ஒண்ணு வெளிய வரும், டிஆர்சி 0, 101, மைனஸ் எடைன்னு எத வேணும்னாலும் நொடில தட்டிப் பாக்கலாம். டெஸ்ட் எழுத கஷ்டமா இருக்குன்னா பெரும்பாலும் கோளாறு டிசைன்லதான் இருக்கும், இத நீங்க கிளாஸ்ல சொல்லுத விதத்துல பிள்ளைங்களுக்கு டெஸ்டிங்கும் டிசைனும் சிலபஸ்ல வேற வேற யூனிட்டாத்தான் தெரியுது. (ரூபாய ஃப்ளோட்ல, அதாவது தசமத்த தோராயமா வைக்குத நம்பர் வகையில வேற வச்சிருந்தான், பைத்தான்ல 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டச் சொல்லிப் பாருங்க, 0.30000000000000004ன்னு வரும்.)

ஆரல்வாய்மொழி தாண்டிப் போனா மகேந்திரகிரில இஸ்ரோக்காரங்க ராக்கெட் இஞ்சின தரையில கட்டி வச்சு எரிச்சுப் பாக்குதாங்க. இரும்புக்கு மட்டும் இல்ல, கோடுக்கும் அது வேணும். 1996 ஜூன் 4ல ஐரோப்பாக்காரங்க ராக்கெட் ஏரியன் 5 கெளம்பி ஒரு நிமிஷம் ஆகுறதுக்குள்ள வெடிச்சதுக்குக் காரணம், ஏரியன் 4ல நல்லா ஓடுன சாஃப்ட்வேர அப்படியே எடுத்து வச்சு, ஒரு 64 பிட் நம்பர 16 பிட் மட்டும் கொள்ளுத எடத்துல திணிக்கப் பாத்தது, புது ராக்கெட் போற பாதைக்கு அத ஓட்டிப் பாக்கவே இல்ல.

இனி கேக்க வந்தது. அடுத்த ரிவ்யூல டெமோவுக்கு முன்னாடி டெஸ்ட ஓட்டச் சொல்லுங்க, டெஸ்ட் ஓட்டுத டூல் பைடெஸ்ட், ஜேயூனிட் எல்லாம் காசில்லாம கெடைக்கும். பெறகு கோட்ல ஒரு ப்ளஸ்ஸ மைனஸா மாத்தி திரும்ப ஓட்டச் சொல்லுங்க, அப்பவும் எல்லாம் பச்சையா, அதாவது பாஸ்னு வந்தா அந்த டெஸ்ட்டுக்கு மார்க் போடாதீங்க. கவரேஜ் பெர்சன்டேஜ் (டெஸ்ட் ஓடும்போது கோட்ல எத்தன பங்கு ஓடிச்சுங்கது) பாத்து மட்டும் போட்டுராதீங்க, அந்த லைன் ஓடிச்சுன்னுதான் அது சொல்லும், பயலுவ செக் பண்ணாமலே ஃபங்ஷன கூப்பிட்டு 100 காட்டிருவானுவ. டைம் இல்லன்னு பிள்ளைங்க சொல்லும், பிபிடிக்கு அனிமேஷன் வைக்குத நேரம் போதும்.

இப்படிக்கு,
நாகர்கோவில்ல கோட் எழுதிப் பிழைக்குத ஒருத்தன்