நிகழ்ச்சிப் பட்டியலை ஓசியில் எடுக்காதீர்கள்

ஆசிரியருக்கு,

மித்டிவி மென்பொருளில், ஆன்டெனா வழியே வரும் டொராண்டோ, பஃபலோ சேனல்களைக் கணினியில் பதிவு செய்கிறேன். எதை எப்போது பதிவு செய்வது என்று மென்பொருளுக்குத் தெரிய, அலையோடு வரும் நிகழ்ச்சிப் பட்டியலே போதும் என்கிறார்கள் நண்பர்கள். போதாது. சேனல்கள் கட்டாயம் தரவேண்டியது 12 மணி நேர விவரம்தான்.

இணையத்தில் இலவசமாக உருவிய பட்டியலையும் நம்பினேன். மார்ச்சில் கடிகாரம் மாற்றிய வாரம், எல்லாம் ஒரு மணி நேரம் தள்ளிப்போய்விட்டது. அப்பா ஆசையாய்க் கேட்டிருந்த ஹாக்கியின் கடைசிப் பகுதி பதிவாகவே இல்லை. ரிமோட்டைப் பிடித்தபடி பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

இப்போது ஸ்கெடியூல்ஸ் டைரக்ட் என்ற பட்டியல் சேவைக்குச் சந்தா கட்டுகிறேன். 2007 செப்டம்பரில் ஸாப்டூஇட் என்ற டிவி பட்டியல் தளம் இத்தகைய மென்பொருள்களுக்குத் தந்துவந்த இலவசப் பட்டியலை நிறுத்தியபோது, மென்பொருள் ஆர்வலர்களே தொடங்கிய லாப நோக்கற்ற சேவை அது. இரண்டு வார நிகழ்ச்சிகள் முன்கூட்டியே கிடைக்கின்றன. பதிவுப் பெட்டி கட்டும் நம்மவர்கள் முதலில் இதற்குப் பணம் ஒதுக்குங்கள், ஹார்ட் டிஸ்க் பிறகு வாங்கலாம்.

ஒரு வாசகர்,
ஸ்கார்பரோ