பல்லைப் பிடித்திருப்பது முரசு அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

கடந்த கிழமை மருத்துவப் பக்கத்தில் முரசு (பல் ஈறு) கரைவதைப் பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். வெற்றிலை, புகையிலை பற்றி எழுதியதெல்லாம் சரி. ஆனால் 'வேலிக் கதியால் மண்ணில் ஊன்றி நிற்பதுபோல் பல் முரசில் ஊன்றி நிற்கிறது' என்ற வரி பிழை. எங்கள் பக்கத்திலும் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

பல்லைச் சுற்றி நான்கு பகுதிகள் இருக்கின்றன: முரசு, வேரைப் போர்த்தியிருக்கும் சிமென்டம் என்ற மெல்லிய படை, தாடை எலும்பில் வேருக்கென்று அமைந்த குழி, குழிக்கும் வேருக்கும் நடுவில் உள்ள நார்கள். பாரம் தாங்குவது பெரும்பாலும் பின்னைய மூன்றும்தான். முரசு பல்லின் கழுத்தை இறுக்கி மூடி, கிருமிகள் உள்ளே இறங்காமல் காக்கிறது.

நார்கள்தான் இதில் விசேஷம். கொலாஜன் என்ற புரதத்தால் ஆன இந்த நார்க் கற்றைகளின் ஒரு நுனி சிமென்டத்திலும் மறு நுனி எலும்பிலும் புதைந்திருக்கும். நடுவில் உள்ள இடைவெளி ஏறக்குறைய 0.2 மில்லிமீற்றர்தான். பல் எலும்போடு ஒட்டியிருக்கவில்லை, அந்த நார்களில் தொங்கிக்கொண்டு நிற்கிறது. நல்ல பல்லும் கடிக்கும்போது மட்டுமட்டாக அசையும். சோற்றுக்குள் ஒரு சின்ன மண் அகப்பட்டாலும் உடனே தெரிவது அங்குள்ள நரம்புகளால்தான். கம்பி போட்டுப் பல்லை நகர்த்த முடிவதும் இந்த நார்களின் உதவியால்தான். அழுத்தம் விழும் பக்கத்தில் எலும்பு கரையும், இழுபடும் பக்கத்தில் புது எலும்பு உண்டாகும்.

முரசு வீங்கி இரத்தம் கசிவது தொடக்கம்தான். அழுக்கை எடுத்து ஒழுங்காகப் பல் தீட்டினால் அது பழையபடி ஆறிவிடும். நோய் நாருக்கும் எலும்புக்கும் இறங்கிவிட்டால் கதை வேறு. போன எலும்பு தானாகத் திரும்பி வராது. கொடுமை என்னவென்றால், பெரும்பாலும் அதற்கு நோவே இருக்காது. சுருட்டு, பீடி பிடிப்பவர்களுக்கு இரத்தம்கூடக் குறைவாகத்தான் வரும், முரசு நல்லாய்த்தான் இருக்கிறது என்று அவர்களும் நம்பியிருப்பார்கள்.

முரசு வீங்குவதும் நோய் எலும்புக்கு இறங்குவதும் வேறு வேறு என்பதற்கு நம் இலங்கையிலேயே சான்று உண்டு. ஹரல்ட் லோ என்ற நோர்வே ஆய்வாளரின் குழு 1970 முதல் 1985 வரை மலையகத் தோட்டத் தொழிலாளர்களைப் பின்தொடர்ந்து பார்த்தது. 480 ஆண்கள், பல் தீட்டும் பழக்கமோ பல் வைத்தியமோ இல்லாதவர்கள். எல்லோருக்கும் முரசில் அழற்சி இருந்தது. ஆனால் ஏறக்குறைய 8 வீதமானோருக்கு நோய் வெகு வேகமாக உள்ளே இறங்கியது, 81 வீதமானோருக்கு மெல்ல இறங்கியது, 11 வீதமானோருக்கு முரசோடு நின்றுவிட்டது. மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் வன்னியில் ஏராளம், அவர்களில் எத்தனை பேருக்கு இந்த ஆய்வைப் பற்றித் தெரியுமோ!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வவுனியாப் பக்கத்தில் கிணற்றுத் தண்ணீரின் புளோரைட்டால் பல்லில் விழும் மண்ணிறக் கறையைக் காட்டி, 'பல் பழுதாகிவிட்டது, பிடுங்கிவிடுங்கோ' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கறை இருப்பது பல்லின் மேலே உள்ள மிளிரி (எனாமல்) என்ற கடினமான படையில். வேரும் நாரும் எலும்பும் திடமாக இருக்கும்போது ஏன் பிடுங்க வேண்டும்? பல் போனால் அந்தக் குழியைச் சுற்றியுள்ள எலும்பும் கரைந்து சுருங்கும். கட்டுப்பல் சில வருடங்களில் லூசாவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கட்டுரையாளர் அடுத்த பகுதியில் எலும்பைப் பற்றியும் எழுதினால் நல்லது. நல்ல தாடையையும் எலும்பு கரைந்த தாடையையும் காட்டும் எக்ஸ்ரே படம் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். சர்க்கரை வியாதிக்காரருக்கு இந்த நோய் ஏன் கூடுதலாக வருகிறது என்பதையும் அவரையே எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
புதுக்குடியிருப்பு.