மேற்கு ஜன்னலுக்கு மட்டும்

அன்புள்ள முரளி,

இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்கு இருமல் விட்டுவிட்டது. அத்திம்பேர் நிலம் விற்ற கதை அடுத்த கடிதத்தில்.

வெயிலுக்காக வீட்டு ஜன்னல் கண்ணாடி முழுக்கக் கறுப்பு ஃபிலிம் ஒட்டப்போவதாக எழுதியிருந்தாயே, முன்பணம் கொடுத்துவிடாதே! 2012-இல் உச்ச நீதிமன்றம் கார்களில் தடை போட்டபோது முனகிக்கொண்டே உரித்தாயே, அந்தக் கறுப்பின் மேல் உனக்கு இன்னும் ஆசை போகவில்லை. சாயம் போட்ட ஃபிலிம் கண் கூச்சத்தைக் குறைக்கும், சரி. ஆனால் தானே சூடாகி, அதில் ஒரு பங்கை அறைக்குள் விடும். வெயிலின் ஆற்றலில் ஏறக்குறைய பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. அதைத் தடுக்கிற ஃபிலிம் கேட்டு வாங்கினால் அறை இருட்டாகாமலே சூடு குறையும்.

அப்புறம், தெற்கு ஜன்னலுக்கு எதற்கடா செலவு? சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுவரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கும். மே மாத வெயில் தெற்கே நேராக விழாது. மார்கழியில்தான் விழும். தொல்லை மேற்கில். மாலைச் சூரியன் தாழ இறங்கி, சன்ஷேடுக்கு அடியில் புகுந்து நேரே கட்டிலுக்கு வந்துவிடும்.

இங்கே டொராண்டோவில் கணக்கே தலைகீழ். டிசம்பர் நண்பகலில் சூரியன் 25 டிகிரி உயரத்தைத் தாண்டாது. தெற்கு ஜன்னல் வழியாகக் கூடத்தின் கோடிவரை வெயில் வரும். காசில்லாமல் கிடைக்கும் அந்தச் சூட்டை எதிர்வீட்டுக்காரர் கோடைக்காக ஒட்டிய ஃபிலிமால் இழந்துவிட்டார். ஜனவரியில் நல்ல வெயிலடிக்கும் பகலிலும் அவர் வீட்டில் ஹீட்டர் ஓடியது. ஃபிலிமுக்குப் பருவம் தெரியாதே! குளிருக்கு நாங்கள் ஒட்டுவது வேறு. மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஜன்னல் சட்டத்தில் ஒட்டி, ஹேர் டிரையரால் விறைப்பாக்குவோம். கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே அடைபடும் காற்றுதான் போர்வை. குளிர் போனதும் பிய்த்துவிடலாம்.

முரளி, எனக்குக் கவலை அம்மாவைப் பற்றித்தான். அவர் படுப்பது மேற்கு அறையில், மேலே மொட்டை மாடி. பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் இரவில் உள்ளே இறக்கும் சூட்டை எந்த ஜன்னல் ஃபிலிமும் தடுக்காது. வயதானவர்களுக்குத் தாகமே சரியாகத் தெரியாது. கேட்டால் "எனக்கென்ன, நன்றாக இருக்கிறேன்" என்பார். நம்பாதே. கத்திரி முடியும்வரை கிழக்கு அறைக்கு மாற்று. மாடிக்கு வெள்ளை அடி. மேற்கு ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி கட்டு, கண்ணாடியைத் தொடுமுன்பே வெயில் நின்றுவிடும். அதன் பிறகும் காசு மிச்சமிருந்தால் அந்த ஒரு ஜன்னலுக்கு மட்டும் ஃபிலிம் ஒட்டு.

அம்மா அறை மாறச் சம்மதித்தாரா என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொல். மறுத்தால் என்னிடம் கொடு, நான் பேசுகிறேன்.

உன்,
சேது