கிட்டப்பா தட்டு

சுங்கை சிப்புட்
செவ்வாய்க்கிழமை

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். நீ நலமா, மருமகள் நலமா, பாப்பா நலமா என்று முதல் வரியை எழுதிவிட்டு வெகுநேரம் பேனாவை மூடி வைத்திருந்தேன். போனில் கூப்பிட்டால் நீ "வேலையில் இருக்கிறேன் அப்பா" என்பாய், நான் "சரி தம்பி" என்பேன், அதோடு முடிந்துவிடும். கடிதம் என்றால் பாதியில் வைக்க முடியாது. தோட்டப் பள்ளியில் ஆறு வருடம் தமிழ் படித்தவன் நீ, என் கையெழுத்து உனக்குப் புரியும்.

தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்கு வருவாய் என்று பார்த்தோம். அம்மா பால்குடம் எடுத்தாள். முட்டி வலிக்கிறது, இந்த வருடம் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. யாருக்காக எடுத்தாள் என்று நான் கேட்கவும் இல்லை. கூட்டத்தில் உன்னைப் போல நடக்கிற ஒரு பையனைப் பார்த்துக் கையைத் தூக்கிவிட்டேன். அவன் வேறு யாரோ. உனக்கு வேலை இருந்திருக்கும். தீபாவளிக்குப் பிறகு நீ இரண்டு முறைதான் பேசியிருக்கிறாய். நான் எது அனுப்பினாலும் ஒரு கட்டைவிரல் படம் வருகிறது. அதையும் அம்மாவிடம் காட்டுகிறேன்.

மருமகள் சனிக்கிழமை அம்மாவிடம் பேசினாள். நல்ல பிள்ளை, வாராவாரம் கூப்பிடுகிறாள். பேசும்போது பின்னால் அவள் அப்பா இருமுகிற சத்தம் கேட்டதாம். போன வாரமும் கேட்டதாம். பாப்பாவுக்குப் பள்ளி உள்ள நாட்களாயிற்றே என்று அம்மா என்னிடம் சொன்னாள். நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. நீ வேளைக்குச் சாப்பிடு. வெளிச்சாப்பாடு தினமும் ஒத்துக்கொள்ளாது.

நான் எழுத வந்தது உன் இசைத்தட்டுகளைப் பற்றி.

தீபாவளிக்கு உன் வீட்டில் அந்த அறையைத் திறந்து காட்டினாய். சுவர் நெடுக அலமாரி. எல்லாம் நிமிர்த்தி அடுக்கி, ஒவ்வொன்றும் கண்ணாடி போன்ற உறைக்குள். எத்தனை என்று கேட்டேன், 640 என்றாய். அறைக்கு இரவும் பகலும் ஏர்கோன், அதற்கு மேல் ஈரத்தை உறிஞ்ச ஒரு பெட்டி. நம் நாட்டு ஈரத்தில் உறைகளில் பூஞ்சணம் பிடிக்கும், படுக்கவைத்து அடுக்கினால் பாரத்தில் வளையும், விரல் பட்டால் எண்ணெய் ஒட்டும் என்று விளக்கினாய். கேட்கக் கேட்க எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ரப்பர் பால் வண்டி ஓட்டியவன் மகன் இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறான். அன்று இரவு பாப்பா கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே வியர்த்துப் போய்த் தூங்கினாள். அதையும் பார்த்தேன்.

பிளேயர் எங்கே என்று கேட்டேன். இல்லை என்றாய். நான் நம்பவில்லை. மேசைக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தேன்.

பிறகு நாடகப் பாடகர் கிட்டப்பாவின் தட்டை எடுத்துக் காட்டினாய். ஒன்றில்லை, மூன்று. கடைசியாக வந்ததற்கு 1,400 வெள்ளி என்றாய். நான் லாரி ஓட்டிய காலத்தில் அது மூன்று மாதச் சம்பளத்துக்கும் மேல். காசு உன்னுடையது, நீ சம்பாதித்தது, அதைப் பற்றி நான் பேசவில்லை. அதே பாட்டு, அதே தட்டு, மூன்று பிரதி, ஒன்றுகூட ஒரு முறையும் சுற்றவில்லை என்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

உன் நியாயம் எனக்குப் புரியாமல் இல்லை. அரக்கில் கற்பொடி கலந்து செய்த தட்டு, அந்தப் பொடிதான் இரும்பு ஊசியைத் தேய்த்துப் பள்ளத்துக்குப் பொருத்துகிறது, ஊசியும் தட்டைத் தேய்க்கிறது, ஒவ்வொரு முறை போடும்போதும் குரலில் கொஞ்சம் போய்விடும் என்றாய். உண்மைதான். தாத்தா வைத்திருந்த தட்டில் அதைக் காதாலேயே கேட்டிருக்கிறேன். ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி என்பது விதி. அவர் ஓர் ஊசியை ஒரு வாரம் ஓட்டுவார். முனை மழுங்கினால் உளி தீட்டுகிற கல்லில் இழைத்து மறுபடி மாட்டுவார். அதனால் பாட்டு தொடங்கும் முன்பே மணலில் கடலை வறுபடுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அதற்குள்ளிருந்து குரல் ஏறும். அப்படி ஏறுகிற குரலை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

செங்கோட்டைக் கிட்டப்பா 1933 டிசம்பரில் போய்விட்டார். வயது 27. பாட்டி சொல்வாள், அவர் மனைவி சுந்தராம்பாள் அன்று உடுத்திய வெள்ளையைக் கடைசிவரை மாற்றவில்லை என்று, தன் சொந்தத் தங்கையைப் பற்றிச் சொல்வது போலச் சொல்வாள். கிட்டப்பா பாடி நடித்த நாடகத்தை இனி யாரும் பார்க்க முடியாது. மிச்சம் இருப்பது பக்கத்துக்கு மூன்று நிமிடம் ஓடுகிற அந்தத் தட்டுகள்தான். அதையும் உறைக்குள் வைத்து மூடிவிட்டால் அவர் எங்கே பாடுவார், தம்பி?

தாத்தாவின் கிராமபோன் பெட்டி உனக்கு நினைவிருக்கும், நாய் படம் போட்டது, சாவி கொடுத்து ஓட்டுவது. ஜப்பான்காரன் சண்டைக்கு முன்னால் ஈப்போவில் வாங்கியது. சயாம் ரயில் வேலைக்கு அவரைப் பிடித்துக்கொண்டு போன பிறகு பாட்டி தோட்டை விற்றாள், மூக்குத்தியை விற்றாள், அதை மட்டும் விற்கவில்லை. மரவள்ளிக்கிழங்கு சாக்குக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். அவர் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்த அன்று இரவு பாட்டியிடம் கேட்டது சோறு இல்லை. அந்தக் கதை உனக்குத் தெரியும். நான் சிறுவனாக இருக்கும்போது சம்பள நாள் மாலையில் பெட்டி வாசலுக்கு வரும். எங்கள் தோட்டத்து வீட்டு வரிசையான லயத்தில் பாதிப் பேர் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். பால் நாற்றம் போகாத கைகள். தட்டைத் திருப்பிப் போடும் உரிமை பிள்ளைகளில் ஒருவருக்கு முறை வைத்துக் கிடைக்கும். என் முறைக்கு நான் இரண்டு நாள் முன்பிருந்தே காத்திருப்பேன். விளிம்பை மட்டும் உள்ளங்கையால் பிடிக்க வேண்டும் என்று தாத்தா சொல்லிக்கொடுத்தார். தடுக்கியவர்களும் உண்டு. அவர் யாரையும் அடித்ததில்லை.

பாப்பா உன் அறையில் அன்று ஒரு தட்டை உறையோடு இழுத்துவிட்டாள். விழவில்லை, உடையவில்லை. நீ போட்ட சத்தத்தில் அவள் அழக்கூட மறந்து நின்றாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். ஐந்து வயதுப் பிள்ளை, தன் கை தவறு செய்துவிட்டதென்று அதை ஒளித்து வைத்தது. மருமகள் ஒன்றும் பேசாமல் அவளைத் தூக்கிக்கொண்டு போனாள். நானும் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும். எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் அப்படிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்ற இன்னொரு பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன்.

பிளேயர் வாங்கு. இரும்பு ஊசிப் பெட்டி வேண்டாம். போன வாரம் ஈப்போவுக்குப் பஸ் ஏறிப் போய், பழைய ரேடியோ பழுது பார்க்கிற ஒருவரிடம் விசாரித்தேன். இப்போது எடை குறைந்த கை உள்ள பிளேயர் இருக்கிறது, நிமிடத்துக்கு 78 சுற்று வேகத்தில் ஓடுகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும், எல்லாவற்றிலும் அது இருக்காது என்றார். இந்தத் தட்டுக்கு அகலமான ஊசி தனியாக வாங்க வேண்டும், பிறகு வந்த எல்பி தட்டுகளின் ஊசி பள்ளத்தின் அடியில் போய் உரசி இரையும் என்றார். சரியான ஊசி போட்டு எப்போதாவது கேட்டால் தட்டு உனக்குப் பிறகும் இருக்கும், பாப்பாவுக்கும் இருக்கும். மூன்றில் ஒன்றையாவது போடு. நீ இதெல்லாம் அறிந்தவன், நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் வாங்கு.

நீ அன்று இன்னொன்றும் சொன்னாய். அரக்குத் தட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கக் கூடாது, சாராயம் பட்டால் அரக்கு கரைந்துவிடும் என்றாய். உடனே நான் எழுந்து வெளியே போனேன். வெற்றிலை போட என்று நினைத்திருப்பாய். நான் கார் நிறுத்துகிற இடத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

37 வருடத்துக்கு முன்பே எனக்கு அது தெரியும், தம்பி.

1988ல் உனக்கு ஏழு வயது. நான் எப்படி இருந்தேன் என்பதை மூடி மறைத்துப் பயனில்லை. பால் வண்டியை விட்டு இறங்கினால் நேரே கள்ளுக்கடை, அது மூடினால் சம்சு என்ற மலிவுச் சாராயம். அன்று இரவும் அப்படித்தான் வந்தேன். அம்மாவும் நீயும் தூங்கிவிட்டீர்கள், தாத்தா கோயில் கூட்டத்துக்குப் போயிருந்தார். பெட்டியின் மூடி மேல் கிட்டப்பா தட்டு இருந்தது. மாலையில் நீ எடுத்துப் பார்த்துவிட்டு உறையில் போடாமல் வைத்தது. கேட்கவேண்டும் போல இருந்தது. கையில் போத்தல். சாவி கொடுக்கும்போது போத்தல் சாய்ந்து தட்டின் மேல் கொட்டியது. துண்டை எடுத்துத் துடைத்தேன். துடைக்கத் துடைக்கக் கறுப்பு மங்கிச் சாம்பல் பூத்தது, விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. எனக்குப் பயமும் கோபமும் வந்தது. இன்னும் அழுத்தித் துடைத்தேன். கையிலிருந்து நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. மூன்று துண்டு.

அதை அப்படியே பெட்டிக்குக் கீழே தள்ளிவிட்டுப் படுத்துவிட்டேன்.

காலையில் அம்மா பிரட்டுக்கு, தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு, போன பிறகு தாத்தா பார்த்தார். யார் என்று கேட்டார். அவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். நான் உன்னைப் பார்த்தேன். "நீதானே நேற்று எடுத்தாய்" என்றேன். ஆமாம், எடுத்தேன் என்று உண்மையைச் சொன்னாய். இடுப்பு வாரைக் கழற்றினேன். நீ உள்ளபடியே நம்பினாய், மூடி மேல் ஓரமாக வைத்ததால் விழுந்துவிட்டதென்று. கையைப் பின்னால் கட்டிக்கொண்டாய். தாத்தாதான் வந்து என் கையைப் பிடித்தார். உன்னை அவர் ஒரு சொல் சொல்லவில்லை. அடுத்த வருடம் அவர் போனபோதும் அவருக்கு நான் சொல்லவில்லை. குடியை விட எனக்கு இன்னும் ஆறு வருடம் ஆயிற்று. விட்ட பிறகும் சொல்லவில்லை. நீ பல்கலைக்கழகத்துக்குப் போன அன்று பஸ் நிலையத்தில் சொல்லிவிட வேண்டும் என்று வந்தேன். வேட்டி கிழிந்திருக்கிறது பார் அப்பா என்று நீ சிரித்தாய். சொல்லவில்லை. உன் கல்யாணத்துக்குப் பிறகு ஒரு நாள் மருமகள் என்னிடம் கேட்டாள், "மாமா, சின்ன வயதில் இவர் தாத்தாவின் தட்டை உடைத்துவிட்டாராமே, இன்னும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்" என்று. அப்போதும் வாயை மூடிக்கொண்டு தேநீர் குடித்தேன்.

அந்தத் தட்டை உடைத்தவன் நான். நீ இல்லை. நீ அதைத் தேடி ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய சாமான் சந்தையெல்லாம் அலைந்ததும், ஏலத்தில் எடுத்ததும், மூன்று வாங்கிப் பூட்டி வைத்ததும் நான் செய்ததற்காக. என்னை மன்னி என்று கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் கேட்கிறேன்.

நேற்று அம்மாவிடம் சொன்னேன். அவள் வெகுநேரம் பேசவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, "பிள்ளைக்கு எழுதுங்கள்" என்றாள். இன்று காலை எனக்குக் காப்பி கலக்கவில்லை. அது நியாயம்.

பாப்பாவிடம் நீ சத்தம் போட்டதற்கும் எனக்கும் சம்பந்தம் உண்டென்று நான் நினைக்கிறேன். அவள் கையில் ஒரு தட்டைக் கொடு. விளிம்பை உள்ளங்கையால் பிடிக்கச் சொல்லிக்கொடு, தாத்தா சொல்லிக்கொடுத்த மாதிரி. உடைந்தால் உடையட்டும். உன்னிடம் இன்னும் இரண்டு இருக்கின்றன.

தோட்டத்துச் செய்தி ஒன்றும் புதிதில்லை. ரப்பர் இருந்த கடைசித் துண்டிலும் செம்பனை வைத்துவிட்டார்கள். நம் லயம் இருந்த இடத்தில் கிணற்றடி மட்டும் இருக்கிறது. அக்காவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது.

உன் அக்கா மகன் வெள்ளிக்கிழமை கோலாலம்பூர் வருகிறான். அவனிடம் ஒரு பை கொடுத்து அனுப்புகிறேன். துணியில் சுற்றியிருப்பது அந்தத் தட்டின் ஒரு துண்டு. மற்ற இரண்டும் எங்கே போயின என்று தெரியாது, இதை மட்டும் என் லைசென்ஸ் பெட்டிக்குள் வைத்திருந்தேன். சாம்பல் பூத்த இடம் அதில்தான் இருக்கிறது, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் துண்டால் துடைத்த கோடு தெரியும். முறுக்கு இரண்டு பொட்டலம் அம்மா வைத்திருக்கிறாள். ஒன்று உனக்கு. பெரியது பாப்பாவுக்கும் மருமகளுக்கும், அதை யாரிடமும் கொடுத்து அனுப்பாமல் நீயே சம்பந்தி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடு. ஞாயிற்றுக்கிழமைக்குள் போ, அதற்கு மேல் நமுத்துவிடும்.

அன்புடன்,
அப்பா